லுக்காவில் குடியேறிய ஆப்பிரிக்க சைக்கிள் அணி

முன்னாள் வீரர் டக் ரைடர் 2007-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய அணிக்கு, 2013-இல் தொழில்முறைச் சாலைப் பந்தயத்தின் இரண்டாம் நிலை உரிமம் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் பதிவான எந்த அணியும் அதற்குமுன் அந்தப் படியை எட்டியதில்லை. அணியின் பெயர் எம்டிஎன்–குபேகா. ஆனால் பெரிய பந்தயங்களில் பெரும்பாலானவை நடப்பது ஐரோப்பாவில். ஜனவரி கடைசியில் தொடங்கினால் அக்டோபர் நடுப்பகுதி வரை ஓயாது. ஆகவே எரித்திரியா, ருவாண்டா, எத்தியோப்பியா, அல்ஜீரியா, தென்னாப்பிரிக்கா என்று பல நாட்டு இளைஞர்களும் வருடத்தில் முக்கால்வாசியை அங்கேயே கழிக்க வேண்டும். ஆப்பிரிக்க வீரர்கள் பலர் தங்கியது இத்தாலியின் டஸ்கனியில் உள்ள லுக்கா நகரில். இந்த அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெற்றிகளைத்தான் சொல்வார்கள். அந்த வெற்றிகளுக்கு அடியில் கிடப்பது குடியேற்ற வேலை.

லுக்கா நல்ல தேர்வு. பீசா விமான நிலையம் அரை மணி நேரத்தில். பெல்ஜியத்தை விடக் குளிர் குறைவு. ஊரைத் தாண்டினால் மோந்தே செர்ரா மலை, ஏறிப் பழகுவதற்கு. எரித்திரியர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. 1941 வரை இத்தாலியக் குடியேற்ற நாடாக இருந்ததால் பாஸ்தாவும் மாக்கியாத்தோ காப்பியும் அஸ்மாராவில் அன்றாட விஷயம். சைக்கிள் பந்தயத்தையும் இத்தாலியர்கள்தான் அங்கே கொண்டுவந்தார்கள்.

முதல் சிக்கல் காகிதம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான சுற்றுலா விசாவில் எந்த 180 நாளுக்குள்ளும் 90 நாள்தான் தங்கலாம். ஒன்பது மாதப் பருவத்துக்கு அது காணாது. நீண்டகாலத் தேசிய விசாவில் இத்தாலிக்குள் வந்து, எட்டு வேலை நாட்களுக்குள் தபால் நிலையத்தில் தங்கும் அனுமதிக்கான படிவக் கட்டைக் கொடுத்து, பிறகு காவல்துறைத் தலைமையகமான குவெஸ்தூராவில் கைரேகை பதிக்க வேண்டும். இத்தாலியின் பலெர்மோவில் வாழும் நம் தமிழ் ஆட்களுக்கு இந்த வரிசை புதிதில்லை. சைக்கிளோட்டிக்கு மட்டும் இதில் ஒரு பொறி உண்டு. விசா முடிந்து, தங்கும் அட்டை இன்னும் கைக்கு வராமல், ரசீது மட்டும் இருக்கும் காலத்தில் இத்தாலியில் இருக்கலாம். ஆனால் அந்த ரசீதை நம்பி பிரான்ஸுக்கோ பெல்ஜியத்துக்கோ போக முடியாது. பந்தயமோ அங்கேதான். பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். அதற்காகக் கடவுச்சீட்டைத் தூதரகத்தில் கொடுத்துவிட்டால் இடையில் வரும் பந்தயங்கள் போய்விடும். எரித்திரியருக்குச் சொந்த நாட்டை விட்டு வெளியேறவே அரசின் அனுமதி வேண்டும். விசா தாமதமானால் வீரருக்குப் போவது ஒரு பந்தயம் மட்டுமல்ல; பந்தய வேகம் பழகிய உடம்பும் போய்விடும். அதை வீட்டில் தனியாக ஓட்டித் திரும்பப் பெற முடியாது.

இரண்டாவது, கூட்டத்துக்குள் ஓட்டுவது. ஆப்பிரிக்க வீரர்களுக்கு இறக்கத்தில் ஓட்டத் தெரியாது என்று ஐரோப்பாவில் அப்போது லேசாகச் சொல்லிவிடுவார்கள். அது சரியில்லை. ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்திலுள்ள அஸ்மாராவிலிருந்து கடற்கரை மசாவா வரை வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் வளர்ந்தவர்கள் அவர்கள். பழக்கமில்லாதது வேறு: ஈரச் சாலை, ரவுண்டானா, நடுவே முளைக்கும் தடுப்புத் திட்டு, தோளோடு தோள் உரசும் 190 பேர். பக்கவாட்டில் காற்றடித்தால் வீரர்கள் சாய்வு வரிசையில் விசிறிபோல் விரிவார்கள். சாலையின் அகலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேருக்கே அந்த வரிசையில் இடம். மிச்சப் பேர் சாலையோரத்தில் ஒற்றை வரிசையில் காற்றைத் தனியே வாங்கித் திணறுவார்கள். காற்று திரும்பும் வளைவுக்கு முன்பே முதல் 20 இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். எந்த வளைவு என்பது ஊர்க்காரருக்கு நெஞ்சில் இருக்கும். வந்தவர் அதை வரைபடத்தில் குறித்துப் படிக்க வேண்டும்.

புதியவரை முதலில் தண்ணீர் கொண்டுவர அனுப்புவார்கள். அரை லிட்டர் புட்டிகள் எட்டை சட்டை முதுகிலுள்ள பைகளிலும் சட்டைக்குள்ளும் திணித்தால் நாலு கிலோ. பின்னால் வரும் அணிக் கார்களின் வரிசைக்கு நடுவே புகுந்து, கூட்டத்தின் வாலிலிருந்து தலை வரை ஒவ்வொருவராகத் தாண்டி வந்து கொடுக்க வேண்டும். கூட்டத்துக்குள் நகரக் கற்க இதைவிட நல்ல பள்ளி கிடையாது.

குளிர்தான் ஆளைக் கவிழ்க்கும். விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது என்பது தெரிந்ததே. தின்பண்ட உறையைக் கிழிக்கவும் முடியாது. சாப்பிடாமல் ஒரு மணி நேரம் போனால் சர்க்கரை இறங்கி உடல் இன்னும் குளிரும். 2013 மார்ச் 17 அன்று இத்தாலியின் மிலான்–சான்ரெமோ பந்தயத்தில் பனி கொட்டியது. ஓவாதாவில் பந்தயத்தை நிறுத்தி, எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி, துர்க்கீனோ கணவாயைத் தாண்டிக் கோகோலெத்தோவில் இறக்கி மறுபடி தொடங்கினார்கள். பெல்ஜிய நட்சத்திரம் டாம் பூனென் மறுபடி சைக்கிளில் ஏறவில்லை. அழைப்பின் பேரில் வந்திருந்த எம்டிஎன்–குபேகாவின் ஜெர்மானியர் ஜெரால்ட் சியோலெக், கடைசி ஓட்டத்தில் முன்னணி வீரர்களான பீட்டர் சாகனையும் பேபியன் கான்செலாராவையும் தாண்டி வென்றார்.

சாப்பாட்டில், தெஃப் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்துச் சுடும் இஞ்சேராவைப் பந்தய நடுவில் நினைக்கவே முடியாது, ஓய்வு நாளுக்குத்தான். நோன்புதான் கடினம். எரித்திரிய மரபுவழித் திருச்சபையின் பெரிய நோன்பு 55 நாள். இறைச்சி, பால், முட்டை கிடையாது. வசந்தகாலப் பெரும் பந்தயங்கள் அதே நாட்களில் வரும். நோன்பிருப்பவருக்குப் பருப்பு, கடலை, அரிசியால் புரதத்தை ஈடுகட்ட வேண்டும்.

2014-இல் ஸ்பெயினின் வுவெல்தா, 2015-இல் டூர் டி பிரான்ஸ் என்ற பல நாள் பந்தயங்கள்: இரண்டிலும் ஆப்பிரிக்கப் பதிவோடு வந்த முதல் அணி இதுவே. டூருக்குப் போன ஒன்பது பேரில் ஐவர் ஆப்பிரிக்கர். எரித்திரியரான டேனியல் டெக்லேஹைமனோட் மலையேற்றத்தில் முன்னிற்பவருக்கான சிவப்புப் பொட்டுச் சட்டையை அணிந்தார். கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் அதை அணிந்தது அதுவே முதல். மண்டேலா நாளான ஜூலை 18 அன்று பிரான்ஸின் மாண்ட் நகரில் அணியின் ஸ்டீவ் கம்மிங்ஸ் ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்றார்.

2016-இல் டைமென்ஷன் டேட்டா என்ற பெயரில் உயர்நிலைக்கு ஏறியது. அந்த வருட டூரில் அணியின் மார்க் கேவண்டிஷ் நான்கு கட்டங்கள் வென்றார். ஆனால் உயர்நிலையில், பந்தய முடிவுகளுக்குத் தரும் புள்ளிகளின் கணக்கு நெருக்கும். உடனே புள்ளி தரும் ஐரோப்பியரை எடுப்பதா, மூன்று வருடம் பழக்க வேண்டிய ஆப்பிரிக்கரை எடுப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வரும். எங்கள் பார்வையில் அணியின் உயிர் கரையத் தொடங்கியது அங்கேதான். 2021-இல் இத்தாலியின் பல நாள் பந்தயமான ஜிரோவில் மூன்று கட்டங்களை வென்றும், பணம் கிடைக்காமல் அந்த வருடக் கடைசியில் அணி மூடப்பட்டது. நவம்பர், டிசம்பரில் அணி கலைந்தால் மற்ற அணிகளில் இடம் நிரம்பியிருக்கும். ஐரோப்பியர் வீட்டுக்குப் போய்க் காத்திருக்கலாம். ஆப்பிரிக்கருக்குத் தங்கும் அனுமதியே அந்த ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டது.

பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு யோசனை உண்டு. மலைவாசியின் இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் செல்கள் சமவெளியில் சில வாரங்களிலேயே குறையும். ஐரோப்பிய அணிகள் அதற்காகவே டெனெரீஃப் தீவின் டெய்டே மலை ஓட்டலுக்குப் போய்த் தங்குகின்றன. அஸ்மாரா அந்த ஓட்டலை விட உயரம். பலமுறை நுழையும் விசாவை முதலிலேயே வாங்கிவைத்து, பருவ நடுவே மூன்று வாரம் ஊருக்கு அனுப்பினால் பயிற்சியும் குடும்பமும் ஒரே பயணத்தில் கிடைத்துவிடும். 2022-இல் பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தை வென்ற எரித்திரியர் பினியம் கிர்மாய், அடுத்த வாரம் அங்கேயே நடந்த பிளாண்டர்ஸ் பந்தயத்தை விட்டுவிட்டு மனைவி, மகளிடம் அஸ்மாராவுக்குத்தான் போனார். மே மாதம் திரும்பி வந்து ஜிரோவில் ஒரு கட்டத்தை வென்றார்.