தேக்குச் சருகை எரிக்காதீர்கள், கிளைரிசிடியாவோடு மட்க விடுங்கள்

மாசி, பங்குனியில் தேக்கு மொட்டையாக நிற்கும். அடியில் சருகு மெத்தை போலக் கிடக்கும். அதைக் கூட்டித் தீ வைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நம் செம்மண்ணுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைவு. தோட்டத்தின் சத்து இருப்பில் பெரும்பங்கு மரத்திலும் சருகிலும் மட்கிலும்தான் இருக்கிறது. எரித்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) புகையோடு போய்விடும். சுண்ணாம்பும் பொட்டாசும் சாம்பலில் மிஞ்சும். அதையும் கோடை மழை அடித்துக்கொண்டு போகும்.

இலை பழுக்கும்போதே தழைச்சத்திலும் மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறக்குறையப் பாதியை மரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து அப்படி நகராது, இலையோடு கீழே விழும். தேக்கு மிகவும் ஏங்குவது அந்தச் சுண்ணாம்புக்குத்தான்.

ஆனால் தேக்குச் சருகு தனியாகக் கிடந்தால் மெதுவாகத்தான் மட்கும். அதில் தழைச்சத்து சுமார் 1 சதவீதம், கார்பன் 45 சதவீதம் போல இருக்கும். 45-க்கு 1 என்ற விகிதத்தில் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து பற்றாது. மண்ணில் இருப்பதையும் எடுத்துக்கொள்ளும். பயறுவகை மரமான கிளைரிசிடியாவின் இலையிலோ தழைச்சத்து 3 சதவீதம் வரை உண்டு. உலர் எடையில் இரண்டையும் சமமாகச் சேர்த்தால் விகிதம் 22-க்கு 1 ஆகிவிடும், மட்குவது வேகம் பிடிக்கும். பச்சைத் தழையில் கால்வாசிதான் உலர் எடை என்பதால், 1 கூடை எடைச் சருகுக்கு 4 மடங்கு எடைப் பச்சைத் தழை வேண்டும். 400 கிலோ பச்சைத் தழையில் சுமார் 3 கிலோ தழைச்சத்து. கணக்குப்படி ஆறரை கிலோ யூரியா. அத்தனையும் மரத்துக்குப் போய்ச் சேராது, ஒரு பகுதி காற்றிலும் நீரிலும் போகும்.

அந்த இழப்பைக் குறைப்பது கிளைரிசிடியாவைக் கவாத்து செய்யும் (கிளை வெட்டும்) காலம்தான். பங்குனி வெயிலில் வெட்டிப் போட்டால் தழை காய்ந்து, சத்து அம்மோனியாவாகப் பறக்கும். தேக்கின் வேரும் அப்போது வாங்கும் நிலையில் இல்லை. தேக்கு துளிர்த்து இலை விரித்தபின், மண் ஈரமாக இருக்கும்போது, கிளைரிசிடியாவை இடுப்பளவு உயரத்தில் வெட்டுங்கள். தழையைச் சருகின் மேல் பரப்பினால் போதும், புதைக்க வேண்டாம்.

நடவுக்கு 4-க்கு 3 மீட்டரில் தேக்கு, இரண்டு தேக்கு வரிசைக்கு ஒரு வரிசை கிளைரிசிடியா என்பது என் கணிப்பில் சரியான கலப்பு. பெருவிரலைவிடப் பருத்த, 1 மீட்டர் நீளக் கிளைரிசிடியாப் போத்துகளை (கிளைத் துண்டுகளை) மழைக்கு முன் ஊன்றலாம். கவாத்தை ஒரு வருடம் தவறவிட்டாலும் கிளைரிசிடியா இளந்தேக்கை மூடிவிடும்.

பலர் கோட்டை விடுவது மணிச்சத்தில். பயறுவகை மரம் தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்கும், மணிச்சத்தை அல்ல. மணிச்சத்து குறைந்தால் வேர் முடிச்சு வேலை செய்யாது. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் உயிரோட்டம் உண்டு, வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. செம்மண்ணின் இரும்பு பாஸ்பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சூப்பர் பாஸ்பேட்டை வீசி இறைக்காமல், மட்கிய எருவில் கலந்து வேரடியில் வையுங்கள். ராக் பாஸ்பேட் என்னும் பாறைத்தூள் உரம் புளிப்பு மண்ணில் மட்டுமே கரையும்.

சருகை விட்டுவைத்தால் தீப்பிடிக்குமே என்ற பயம் நியாயமானதுதான். எல்லையோரம் 3 மீட்டர் அகலத்துக்குச் சருகை உள்ளே தள்ளிவிட்டால் தீத்தடுப்புப் பாதை ஆயிற்று. மரம் வெட்டும் காலத்தில் பட்டையைத் தோட்டத்திலேயே உரித்துப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். சுண்ணாம்புச் சத்து பட்டையில்தான் செறிந்திருக்கிறது.