பந்தயம் ஓடி முடித்த குதிரையோடு டிரெஸ்ஸாஜ் பழகிய கதை

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. மேலே இருப்பவரின் நுணுக்கமான சைகைகளுக்கு ஏற்பக் குதிரை அசைவுகளைச் செய்து காட்டும் குதிரையேற்றப் போட்டிதான் டிரெஸ்ஸாஜ். 1982 டெல்லிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம். அடுத்து அனுஷ் அகர்வாலா, எட்ரோ என்ற குதிரையோடு தனிநபர் வெண்கலமும் வாங்கினார். பொள்ளாச்சிப் பக்கம் என் சொந்தக்காரர்கள் காணொளியைப் பார்த்துவிட்டு, "மேலே இருப்பவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்டார்கள். அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் மேளத்துக்குக் கால் தூக்கி ஆடும் குதிரைகளைப் பார்த்தவர்கள் அவர்கள். கேள்வி நியாயமானதுதான். அப்படிச் சும்மா உட்காருவதற்கு என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை, அதன் ஆரம்பப் படிகளையாவது ஏறியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்கு வாய்த்தது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, தரோபிரெட் என்ற பந்தய இனப் பெண்குதிரை. சாம்பல் நிறம், காங்கேயம் மாட்டுக்கு வைப்பதுபோல் மயிலை என்றே பெயர் வைத்தோம். ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடிப் பழகியவள் அவள். நிறுத்துவதற்காக இழுத்தால் வேகம்தான் கூடும். ஜாக்கி கால் வைக்கும் அங்கவடி குட்டையாக இருக்கும் என்பதால், விலாவில் கால் படுவது அவளுக்குப் புதிது. கால் பட்டதும் பதறினாள். ஏறும்வரை நிற்கவும் தெரியாது. பந்தயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள்.

பயிற்சி கொடுத்த மாஸ்டர் முதலில் சேணமே போட விடவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்க வேண்டும். ஓர் அடி பின்னால் போகச் சொல்லிக் கயிற்றில் மெல்ல அழுத்தம் கொடுக்க வேண்டும். அவள் கால் நகர்த்தும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. உடல் கனம் பின்னங்காலுக்கு மாறும் அந்தக் கணத்திலேயே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். அழுத்தம் விலகும்போதுதான் குதிரைக்குப் பாடம் ஏறுகிறது. ஒரு நொடி பிந்தினால், தான் செய்தது சரி என்பதே அவளுக்குத் தெரியாமல் போகும். அதனால் நான் அவளைப் பார்க்கப் பழகினேன். தோள்பட்டைத் தசை இறுகுவது, மூக்குத்துவாரம் விரிவது, ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்புவது, புரிந்த பிறகு வாயை மென்றுகொண்டு நீளமாக மூச்சு விடுவது. இந்தக் காலம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று இப்போதும் சொல்வேன். இதைத் தாண்டிக் குதித்து நேரே சவாரிக்குப் போகும் பயிற்சி எனக்கு ஒப்புதல் இல்லை.

மேலே ஏறிய பிறகும் அதே வேலைதான், ஆனால் கண்ணால் பார்க்க முடியாது. மூச்சை வெளியே விட்டு, இடுப்பை ஒரு கணம் அசையாமல் நிறுத்தி, மோதிர விரலை மட்டும் மூடித் திறப்பேன். அவள் பின்னங்கால்களை உள்ளே வாங்கி நடையைச் சுருக்குவாள். அந்த நேரத்தில் கடிவாள வாரில் இருக்கும் கனம், நம் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தையின் பிடி அளவுதான்.

எங்களைச் சோதித்தது ஆனி, ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தென்னை மட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்குப் பின்னும் தவிர ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கக்கூடிய கண்கள் குதிரைக்கு. எதிரியைக் கண்டால் ஓடிப் பிழைக்கும் விலங்கு. "காற்றுக் காலத்தில் மாட்டையே அவிழ்த்துவிட யோசிப்போம், நீ குதிரை மேல் ஏறுகிறாயா கண்ணு?" என்று அம்மாயி கவலைப்பட்டார். லாயத்து அண்ணன் ஒரு வழி செய்தார். மயிலை கொள்ளு தின்னும்போது காய்ந்த மட்டையைச் சற்றுத் தள்ளி இழுத்துக்கொண்டு நடப்பார். நாளுக்கு நாள் கொஞ்சம் நெருங்கி வருவார். என் பங்குக்கு, சத்தம் கேட்டதும் முழங்காலை இறுக்காமல் இருக்கப் பழகினேன். மட்டைச் சத்தத்தைவிட, இறுகும் என் முழங்கால்தான் "ஆபத்து" என்று அவளுக்குச் சொல்லும்.

பிறகு ஒரு டிரெஸ்ஸாஜ் போட்டிக்குக் கிளம்பினோம். லாரி ஏற்றியது, மருத்துவச் சான்று வாங்கியது எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. போட்டி பெங்களூரில். டோக்கியோ ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ், திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி, களத்துக்குள் தடை தாண்டுதல் மூன்றையும் செய்னர் மெடிக்காட் என்ற ஒரே குதிரையில் முடித்த ஃபவாத் மிர்சாவின் ஊர். தாண்டும் போட்டியில் வீரர் மட்டும் முன்பே நடந்து தடைகளைப் பார்த்துக்கொள்வார். குதிரை அவற்றைச் சந்திப்பது மணி அடித்த பிறகுதான். மேலே இருப்பவர் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தால்தான் அது கால் தூக்கும்.

எங்களுடையது தாண்டுதல் இல்லாத டிரெஸ்ஸாஜ் தொடக்கநிலைத் தேர்வு, 20-க்கு 40 மீட்டர் களம். ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். உள்ளே பேசக் கூடாது. நாக்கால் சொடுக்கினால்கூட மதிப்பெண் போகும். நாள் முழுக்க அவளோடு பேசிக்கொண்டிருக்கும் எனக்கு அதுதான் கடினமாக இருந்தது. நடுக்கோட்டில் வந்து மூச்சை விட்டேன். நான்கு கால்களும் ஊன்றி நின்றாள். வணக்கம் வைத்து முடிக்கும்வரை ஒரு குளம்பும் நகரவில்லை. ஏறும்வரைகூட நிற்காதவள்!

அந்த நிறுத்தத்துக்கு 7 கிடைத்தது. வலப்பக்கக் கேன்டருக்கு, அதாவது மிதமான பாய்ச்சல் நடைக்கு, 5. அவள் உடம்பு அந்தப் பக்கம் இன்னும் முழுதாக வளையவில்லை. இப்போது விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள், 20 மீட்டர் வட்டத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.