தூளி கட்டிய உத்தரம்

கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது தூளிதான். உத்தரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள். அதில் ஒன்றில் பழைய புடவை, உள்ளே மூன்று மாதக் குழந்தை.

ஒரு காலத்தில் அந்த வளையங்களில் தொங்கியது ஆட்டுத்தோல்.

பேரணாம்பட்டில் சிநேகிதன் குடிவந்திருக்கும் வீடு, மூடிக் கிடந்த டேனரியின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், மாடி. தோல் உலர்த்தக் கட்டியது என்பதால் காற்றுக்குப் பஞ்சமில்லை. குறுக்குச் சுவர் எழுப்பி ஆறு போர்ஷன் ஆக்கிவிட்டார்கள். புதிதாகக் கட்டிய என் வீட்டில் மே மாதம் ஃபேன் போட்டாலும் வேகிறோம். அங்கே, சத்தியமாக, ஜில்லென்று இருந்தது.

நல்ல சுவரை ஏன் இடிக்க வேண்டும்?

ஆனால் மண் வேறு கதை. கழிவுநீரைச் சுத்திகரிக்காத டேனரிகள் ஓடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல். அதற்கு முன் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் எவ்வளவோ இறங்கிவிட்டது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலம் என்றால் பரவாயில்லை. பிறகு பதனிட வந்த குரோமியம் மண்ணை விட்டு லேசில் போகாது.

மண்ணைச் சோதித்தீர்களா என்று ஓனரிடம் கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? எல்லாரும் கேன் தண்ணிதானே குடிக்கிறாங்க" என்றார்.

கீழே, பழைய சுண்ணாம்புத் தொட்டியில் யாரோ கீரை போட்டிருந்தார்கள். தளதளவென்று வளர்ந்திருந்தது.

சாப்பிட்டுத்தான் போகணும் என்றான் சிநேகிதன். சரி என்றேன். என்ன கூட்டு என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.