இந்திக்காரங்களும் உடைந்த ஊசியும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆட்கள் பொறுப்பைப் பார்க்கிறேன். தையலில் பாதிக்கு மேல் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்கள். கம்பெனிக்குள் அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தான்: 'இந்திக்காரங்க'.

ஆட்களைக் கூட்டமாகப் பார்க்காமல் என் வேலை ஓடாது. பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிட, சூரியனைக் கும்பிடும் சட் பூஜை பெரிது. 2023இல் நவம்பர் 12 தீபாவளி, 19 சட் பூஜை. ஊருக்குப் போனவர் இரண்டையும் முடித்துவிட்டுத்தான் திரும்ப ரயில் ஏறுவார். அதனால் ஷிப்மெண்ட் தேதி பேசும்போதே அந்த இரண்டு வாரத்தைக் கழித்துவிடுவேன். இது லீவு ரிஜிஸ்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு. வருஷா வருஷம் நாலு பேர் போகாமலும் இருப்பார்கள். கணக்குத் தப்பிவிட்டதே என்று யாருக்கும் வருத்தமில்லை, மெஷினில் உட்காரவைப்போம், அவ்வளவுதான்.

ஊசி விஷயத்தில் நான் சறுக்கினேன். தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, பேப்பரில் ஒட்டி, நோட்டில் எழுதிய பிறகுதான் புது ஊசி தருவோம். ஒரு துண்டு குழந்தைச் சட்டைக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒடிசாப் பெண் ஒருத்தி இரண்டு முறை பாதி ஊசியோடு வந்து நின்றாள். "இந்திக்காரங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது சார்" என்றார் லைன் சூப்பர்வைசர். நானும் தலையாட்டிவிட்டு வார்னிங் லெட்டர் அடித்தேன். இந்தியில்தான்.

வாங்கியவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் பக்கத்து மெஷின் ஜார்க்கண்ட் பையனிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு என்னிடம் சொன்னான்: "சார், இவ எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கா. ஆனா ஒடியாவுல." சுவரில் ஊசி நோட்டீஸ் தமிழிலும் இந்தியிலும் பளபளவென்று லேமினேஷன் போட்டுத் தொங்கியது. ஒடியா எழுத்து உருண்டை உருண்டையாக இருக்கும். இந்தி எழுத்தோடு சேரவே சேராது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும், 'இந்திக்காரங்க' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் யோசனை நின்றுவிட்டது. லெட்டரை வாங்கிக் கிழித்தேன். மறுவாரம் ஒடியா நோட்டீஸ் ஏறியது.

2023 மார்ச்சில் நம்மையும் இப்படித்தான் ஒரே கட்டாகக் கட்டினார்கள். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. ஹோலிக்கு ஊருக்குப் போன கூட்டத்தைப் பார்த்து, பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. கட்டிங் மாஸ்டர் வாய் ஓயாமல் புலம்பினார்: "நாலு வீடியோவைப் பார்த்துட்டு எல்லாத் தமிழனையும் ரவுடின்னு சொல்லிருவானா?" நான் பதில் சொல்லவில்லை. அந்த வார்னிங் லெட்டர் நினைவுக்கு வந்தது.

போன மாதம் குழந்தைத் துணிக்கு ஒரு புது லைன் போட்டோம். அதே சூப்பர்வைசர் வந்தார். "ஒடிசாப் பொண்ணுங்களையே போட்டுருங்க சார். அவங்க ஊசி விஷயத்துல ரொம்பக் கவனம், அது அவங்க ரத்தத்துலயே இருக்கு."