உலோக வால்வும் கடைவாய்ப் பல்லும்

அப்பாவின் கடைவாய்ப் பல்லை ஒருவழியாகப் பிடுங்கியாகிவிட்டது. பிடுங்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்காகக் கோத்தகிரிக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்ததுதான் பெரிய பாடு.

அப்பாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை. "மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிடுங்குங்கள், ஒன்றும் ஆகாது" என்று ஊரில் பாதிப் பேர் வைத்தியம் சொன்னார்கள். தயவுசெய்து காதில் வாங்காதீர்கள். வால்வில் இரத்தக் கட்டி உண்டாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். பல் மருத்துவரோ, இதய மருத்துவரின் கடிதமும் புதிய ஐ.என்.ஆர். அளவும் (இரத்தம் உறையும் வேகத்தை எல்லா ஆய்வகத்துக்கும் பொதுவாகக் காட்டும் எண்) இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போதே அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

வினை ஆய்வகத்தில் காத்திருந்தது. சீட்டில் ஐ.என்.ஆர். என்று தெளிவாக எழுதியிருந்தும், இரத்தம் உறைய எத்தனை வினாடி என்பதை மட்டும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வினாடிக் கணக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். மருந்தளவை முடிவு செய்ய உதவாது. மேட்டுப்பாளையம் வழியாக மலையிறங்கி, அரை நாள் காத்திருந்து இதய மருத்துவரிடம் உள்ளே போன பிறகுதான் இது தெரிந்தது. ரிப்போர்ட்டை வாங்கும் இடத்திலேயே நின்று படித்துவிடுங்கள்.

கைகொடுத்தது அப்பாவின் நோட்டு. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை முழுதா அரையா, கீரை சாப்பிட்ட நாள் எல்லாம் நீல மையில். சளிக்கு வேறு மாத்திரை போட்ட வாரத்தில் மட்டும் சிவப்புக் கோடு. டாக்டர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அளவு, இருக்க வேண்டியபடியே, 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நின்றிருக்கிறது. அங்கேயே மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னார், 2.8. கடிதம் கையில் வந்தது: வார்ஃபரினை நிறுத்த வேண்டாம், பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, வால்வில் கிருமி தொற்றாமலிருக்க, அமாக்சிசிலின் 2 கிராம், வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஏன் நிறுத்தக் கூடாது என்று நான் கேட்டதற்கு முகம் சுளிக்காமல் வால்வைப் படம் போட்டே காட்டினார். கடிதத்தில் முத்திரை வைப்பவர் சாப்பிடப் போய்விட்டு வந்த நேரத்தில் இன்னொரு பல்லே முளைத்திருக்கும்.

ஐ.என்.ஆர். அளவு பழையதானால் மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும், ஆகவே மறுநாளே போனோம். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கசிவு நிற்காவிட்டால் பகலிலேயே திரும்பி ஓடலாம். அப்பாவுக்குத் தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கச் சொன்னார்கள். மதியத்துக்குள் நின்றுவிட்டது.

முதல் ஆய்வகத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "இரத்தம் எடுத்தாகிவிட்டதே சார்" என்றார்கள்.