நித்திரை தேவையில்லம்மா

ராவு 2 மணிக்குக் கிணத்தடியில வெளிச்சம். எழும்பிப் போய்ப் பார்த்தா, பெரியவள் வீட்டுல இரிந்த எல்லாச் சப்பாத்தையும் கழுவி வெள்ளை பூசி வரிசையா அடுக்கி வச்சிரிக்காள். பக்கத்து வீட்டுப் பொடியன்ட சோடியும் அதுக்குள்ள. இவளுக்கு 14 வயசு.

"நித்திரை வரல்லையா மனே?"

"நித்திரை தேவையில்லம்மா."

கல்லடியில சித்திரை வெக்கைக்கு ஆருக்குத்தான் நித்திரை வரும் எண்டு விட்டிட்டன். ஆனா நித்திரை வராம புரண்டவர் விடிஞ்சா சோர்ந்து கிடப்பார். இவள் மூணு மணித்தியாலம் படுத்துப்போட்டுத் துள்ளிக்கொண்டு திரிஞ்சாள். ரோட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ரியூஷன் தொடங்கப்போறாளாம். என்ட சீட்டுக்காசில 40 கொப்பி வாங்கிட்டாள். கதைக்கத் தொடங்கினா நடுவுல ஒரு சொல்லுப் போட இடமில்ல. பத்து நாள் இப்பிடி. அம்மா தண்ணி ஓதி வாங்கி வந்தா. நான் பிள்ளைக்குக் கெட்டித்தனம் கூடிட்டு எண்டு உள்ளுக்குப் பெருமைப்பட்டன். இப்ப சொல்ல வெக்கமா இரிக்கு.

வைகாசியில படுத்தாள். தலைக்கு எண்ணெய் வைக்க விடல்ல, இறால் சொதியைக் கூடத் தொடல்ல. ஒரு டொக்டர் "வயசுக் கோளாறு" எண்டு விற்றமின் தந்தார். ரெண்டு கிழமை கழிச்சு ஒரு ராவு, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு குறையும்தானே" எண்டாள். 1926க்கு அடிச்சன், அது அங்கொடை தேசிய மனநல நிறுவனத்து இலக்கம். விடியும்வரை அவளைத் தனிய விடல்ல. விடிஞ்சதும் மனநல கிளினிக்.

அங்க இரிந்த டொக்டர் கோபத்தைப் பற்றிப் பெரிசாக் கேட்கல்ல. கோபம் எல்லாப் பிள்ளைக்கும் வரும் எண்டார். அந்தத் துள்ளல் எத்தனை நாள் நிண்டது, வழமையா இவள் எப்பிடி எண்டுதான் திருப்பித் திருப்பிக் கேட்டார். சின்ன வயசிலயிரிந்தே துறுதுறுப்பு எண்டா அது வேற. இது வந்து, நிண்டு, போகும். பால் கணக்கு எழுதுற கலண்டரைப் பார்த்துத்தான் நாள் சொன்னன். சப்பாத்துக் கதையைக் கேட்டதும் எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு நிமிர்ந்தார். படுத்த கதையை மட்டும் சொல்லியிரிந்தா மனச்சோர்வு மருந்து மட்டும் குடுத்திரிப்பாராம்; பைபோலார் எண்டா மனசு சில காலம் உச்சத்துக்கு ஏறி, சில காலம் அடியில விழுற வருத்தம்; அது இரிக்கிற சிலருக்கு அந்த மருந்து மனசை ஒரேயடியா மேல ஏத்திவிட்டிரும்.

"குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி?" இல்லை எண்டன். வெளிய வந்தா, அம்மா சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு, "என்ட தம்பியும் இப்பிடித்தான்கா. வயலை ஈடு வச்சுப்போட்டுக் கதிர்காமத்துக்கு நடந்தான். சாமி வந்தது எண்டு சொல்லி மறைச்சம்" எண்டா. பொம்புளப் பிள்ளை இரிக்கிற வீடு, நாளைக்கு ஆர் கட்டுவான் எண்ட பயம் அவவுக்கு. கையோட கூட்டிக்கொண்டு திரும்ப உள்ளுக்குப் போனன்.

பைபோலார் எண்டு இன்னும் முடிவாச் சொல்லல்ல. இந்த வயசில பொறுத்துப் பார்க்கவேணுமாம். மருந்து போகுது. கலண்டரில பால் கணக்குக்குப் பக்கத்தில நித்திரைக் கணக்கும் எழுதுறன். நேத்து அவளே பென்சிலால 9 எண்டு போட்டிரிந்தாள். படுத்தது ஏழு மணித்தியாலந்தான். அழிச்சு 7 போட்டன், பார்த்திட்டுச் சிரிச்சாள்.