வெறுங்கையோடு போகப் பழகினோம்

அக்கா மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. "சித்தி, ஸ்கூல்ல மரியாயின் சேனையில சேரச் சொல்றாங்க, சேரட்டுமா?" என்று கேட்டாள். மரியாயின் சேனை என்பது வாராவாரம் கூடிச் செபம் சொல்லி, ஆட்களைப் பார்க்கப் போவது போன்ற பணிகளும் செய்யும் கத்தோலிக்க அமைப்பு. நானும் தூத்துக்குடியில் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியில் படித்து, அதே ஒன்பதாம் வகுப்பில் சேனையில் சேர்ந்தவள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கத்தோலிக்கப் பள்ளியில் பக்தி வாழ்க்கை பாதி தானாகவே நடந்துவிடும். மதியம் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தால் எழுந்து நின்று மூவேளை செபம். மாதத்தின் முதல் வெள்ளிக்குப் பூசை. அக்டோபர் முழுக்கச் செபமாலை. ஜூலை 26ல் பனிமய மாதா கோயிலில் கொடியேறிவிட்டால், ஆகஸ்ட் 5 திருவிழா முடியும்வரை வகுப்பில் பாதிப் பேருக்கு மனசு கோயிலில்தான். நாங்கள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் இந்து, முஸ்லிம் தோழிகளுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். இதிலெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம். சேனையில் அப்படி முடியாது. அங்கே நாமாக எழுந்து போக வேண்டும்.

மரியாயின் சேனை 1921 செப்டம்பர் 7 அன்று அயர்லாந்தில், டப்ளின் நகரில் தொடங்கியது. தொடங்கியவர் பிராங்க் டஃப், குருவானவர் இல்லை, அரசு வேலையில் இருந்த பொதுநிலையினர். அங்கே எப்படிக் கூடினார்களோ அப்படித்தான் எங்கள் பள்ளியின் சிறிய அறையிலும் கூடினோம். மேசையில் வெள்ளைத் துணி, நடுவில் மாதா சுரூபம், இரண்டு பூஞ்சாடி, இரண்டு மெழுகுதிரி. செபமாலை முடிந்ததும் போன வாரக் குறிப்பு வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியும் தன் பணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டமும் பணியும் வாரம் தவறக் கூடாது. பணிக்குத் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். பொருளாக எதையும் கொடுக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் எங்களுக்குச் சண்டையே வந்தது. முதியோர் இல்லத்துக்குப் போகிறோம், ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட இல்லாமல் எப்படிப் போவது? எங்களுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் கேட்டோம். "பொருள் கொடுக்க வின்சென்ட் தே பவுல் சபை இருக்கு. நீங்க ஆளைப் பார்க்கப் போங்க" என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

போனோம். என் ஜோடி நன்றாகப் பேசுவாள், நான் பேசவே மாட்டேன். வராந்தா ஓரத்துக் கட்டிலில் இருந்த பாட்டி எங்கள் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன கொண்டாந்தீங்க?"

"ஒண்ணும் கொண்டு வரல பாட்டி. உங்களைப் பார்க்க வந்தோம்."

"என்னைப் பார்க்கவா?" என்றவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டு, "அப்ப உட்காருங்க" என்றார்.

அன்றைக்கு நாங்கள் பேசியது குறைவு. பாட்டி கேட்ட கேள்விகளுக்குத்தான் பதில் சொன்னோம்: எந்தத் தெரு, அப்பா கடலுக்குப் போகிறாரா, உப்பளத்திலா, வீட்டில் எத்தனை பிள்ளைகள். அடுத்த வாரம் போனபோது என் தங்கை பெயரைச் சரியாகச் சொல்லி விசாரித்தார். எனக்கு அங்கே போகும் பயம் அந்த இடத்திலேயே போய்விட்டது. பிறகு செபமாலை சேர்ந்து சொல்ல ஆரம்பித்தோம். நாங்கள் இப்போதைய முறைப்படி "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினால், அவர் தன் சின்ன வயதில் படித்தபடி "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று முடிப்பார். கொஞ்ச நாளில் எங்களுக்கும் பழைய செபம் மனப்பாடம். பாட்டி தன் வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். பணியில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் சேனையில் கட்டாயம்.

கூட்டத்தில் அறிக்கை சொல்வதும் ஒரு பயிற்சி. "போனோம், பார்த்தோம், வந்தோம்" என்று உட்கார முடியாது. "அவங்க காலையில சாப்பிட்டாங்களா? கண் சிகிச்சை என்னாச்சு? அடுத்த வாரம் யாரைப் பார்க்கப் போறீங்க?" என்று சிஸ்டர் கேட்பார். இந்தக் கேள்விகள் வரும் என்று தெரிந்ததால் அங்கே இருக்கும்போதே கவனமாகக் கேட்கவும் பார்க்கவும் கற்றுக்கொண்டோம். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் சத்தமாகப் பேசப் பழகியது அந்த அறையில்தான்.

கொடுப்பது பள்ளியில் வேறு வழியில் நடந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பிடியரிசி. வீட்டில் உலை வைக்கும்போது எடுத்து வைத்த அரிசியை டிபன் டப்பாவில் கொண்டுவந்து வாசலில் இருக்கும் டிரம்மில் கொட்டுவோம். பொன்னியும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் ஒன்றாக விழும். யார் என்ன அரிசி, எவ்வளவு கொண்டுவந்தாள் என்று எந்த ஆசிரியையும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் ஆசையாகக் கொண்டுவருவார்கள். சேனைக் கூட்டத்தில் காணிக்கைக்காகச் சுற்றிவரும் இரகசியப் பையும் அதே மாதிரிதான். காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் கையை உள்ளே விட்டு எடுப்போம், யாருக்கும் தெரியாது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போதே எனக்குத் தெரியும், ஏனென்றால் பல வாரம் நான் வெறும் கையைத்தான் விட்டு எடுத்தேன்.

பத்தாம் வகுப்பில் அம்மா நிறுத்தச் சொன்னார். பொதுத்தேர்வு, டியூஷன், இதில் இது வேறயா என்று. சிஸ்டர் வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து பேசினார். டியூஷன் இல்லாத சனிக்கிழமை காலையில் பணி, திருப்புதல் தேர்வு தொடங்கியதும் கூட்டம் மட்டும் என்று முடிவானது. அம்மா அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டார். மார்க் குறையவில்லை. மகளைச் சேர்க்க யோசிக்கும் அம்மாக்கள் நேரத்தை இப்படி முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்கிற பிள்ளைகளுக்கு: ஜோடி வரவில்லையென்றால் போகாதீர்கள், சிஸ்டரிடம் சொல்லி வேறு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லத்தில் சாப்பாட்டு நேரமும் மதியத் தூக்க நேரமும் தவிர்த்துப் போங்கள். படம் எடுக்காதீர்கள். பள்ளி முடிந்ததும் விட்டுவிடாமல் பங்கில் பெரியவர்கள் நடத்தும் பிரசீடியத்தில், அதாவது சேனைக் குழுவில், சேருங்கள். படிக்க வெளியூர் போனால், அந்த ஊர்ப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், எந்தக் கிழமை எங்கே கூடுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்.